சம்பந்திச் சண்டையும் நற்பழக்க வாரியமும்

தையல்காரம்மாவுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது ஊசிதான். துணிக்குள் போகிற ஊசியைப் பற்றிப் பேச்சில்லை. குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே வாடிக்கையாளர்களிடம் வம்பு பேசுகிற ஆள் அவர். தோலுக்குள் போகிற ஊசி வேறு. தடுப்பூசி போட வந்த நர்ஸைப் பார்த்து அளவு நாடாவோடு மாடிக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டவர் என்ற பேர் அவருக்கு இன்றும் உண்டு.

டாக்டருக்கு இது தெரியாது. தெரியாமல்தான் அன்று அப்படிச் சொன்னார்.

"இதோ பாருங்கம்மா, மாத்திரையால இனிமே ஆகாது. நடங்க, வாயைக் கட்டுங்க. சர்க்கரை இப்படியே ஏறிக்கிட்டுப் போச்சுன்னா தினமும் ஊசிதான். வீட்ல நீங்களே போட்டுக்கலாம்."

"நானேவா?"

"உங்களுக்கென்ன, நீங்கதான் தையல்காரராச்சே!" என்று டாக்டர் சிரித்தார். தையல்காரம்மா சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே அவர் நடக்கக் கிளம்பினார். தெருமுனை வரைக்கும் போனதும், இன்றைக்கு இது போதும் என்று தோன்றியது. மறுநாள் முழங்கால் ஒரு மாதிரி இருந்தது. அதற்கு மறுநாள் வானம் ஒரு மாதிரி இருந்தது. வீட்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; அங்கே பழகிய அமைதியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டவர். "கூட வாங்களேன்" என்றால் "ம்" என்பார். "வர மாட்டீங்களா?" என்றாலும் "ம்"தான். அவரோடு நடக்கவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. எது சொன்னாலும் ஒப்புக்கொண்டுவிடுவார்.

நடை நின்றே போயிருக்கும். நடுவில் சம்பந்தி வந்தார்.

சம்பந்தி மாப்பிள்ளையின் அம்மா; தையல்காரம்மாவின் மகளைத் தன் மகனுக்கு எடுத்தவர். பிள்ளைகள் இருவரும் கைக்குழந்தையோடு வெளியூரில் இருக்க, சம்பந்தி அடுத்த தெருவில் தனியாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டால் திருத்தாமல் அவரால் தாண்டிப் போக முடியாது.

"என்ன சம்பந்தி, இந்தப் பக்கம்?" என்று தெருமுனையில் நின்ற தையல்காரம்மாவைக் கேட்டார்.

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்."

"நடக்கத்தானே சொன்னாரு? நிக்கறீங்களே. உங்க பொண்ணும் இப்படித்தான், எதை எடுத்தாலும் பாதியில விட்டுடறா."

அந்தப் 'பாதியில' என்ற சொல் தையல்காரம்மாவின் காதில் விழுந்து, நெஞ்சில் பற்றிக்கொண்டது. அவர் பதில் சொன்னார். சம்பந்தி நடந்துகொண்டே அதற்குப் பதில் சொன்னார். சம்பந்தி ஒட்டகம் மாதிரி உயரம். கோபம் வந்தால் காலை இன்னும் எட்டிப் போடுவார். தையல்காரம்மாவின் பதில் அவர் காதுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் பக்கத்திலேயே ஓடியாக வேண்டும். தபால் நிலையம் போயிற்று, பாலம் போயிற்று, பேருந்துப் பணிமனை போயிற்று. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு திரும்பி சம்பந்தி வீட்டு வாசலுக்கு வந்தபோதும் பேச்சு முடிந்தபாடில்லை.

ராத்திரி படுக்கையில்தான் தையல்காரம்மாவுக்குச் சரியான பதில் தோன்றியது. மறுநாள் முழுக்க மெஷினை மிதித்துக்கொண்டே அதைத் தீட்டினார். சாயங்காலம் போய் சம்பந்தி வீட்டு வாசலில் நின்றார்.

இப்படித்தான் பழக்கம் பிடித்தது. சண்டை என்றால் தெருவைக் கூட்டுகிற சண்டை இல்லை. மரியாதைக்கு ஒரு குறைவும் வராது. "நீங்க சொல்றது ரொம்பச் சரிங்க சம்பந்தி, உங்களுக்கு விவரம் அவ்வளவுதானே" என்கிற ரகம். குழந்தையின் மூக்கு யார் வீட்டு மூக்கு என்பதிலேயே பாதி மாதம் போயிற்று. குழந்தை போனில் முதலில் யாரைப் பார்த்துச் சிரித்தது என்பது மீதியை எடுத்துக்கொண்டது. பேச்சு சுவாரசியத்தில் இருவரும் கடைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயைக் கட்ட வேண்டிய அவசியமே தையல்காரம்மாவுக்கு வரவில்லை. வாய்க்கு வேறு வேலை இருந்தது.

சர்க்கரை இறங்கிவிட்டது.

"எப்படிம்மா இது?" டாக்டருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"எல்லாம் என் சம்பந்தியாலதான் டாக்டர்."

டாக்டர் வயதில் சின்னவர், நல்ல மனசுக்காரர். நல்லது நடந்தால் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறவர். அந்த நல்ல மனசோடு நீரிழிவாளர் நற்பழக்க வாரியத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

வாரியம் ஓர் உயரமான கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. கீழே படிக்கட்டின் கதவு முழுக்க, அப்பா, அம்மா, குழந்தை என்று ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே படியேறுகிற ஓவியம். 'படியேறுங்கள், பிணி வெல்லுங்கள்.' அந்த அம்மாவின் முழங்கால் இருக்கும் இடத்தில் ஒரு பெரிய பூட்டு தொங்கியது.

"படியில போகக் கூடாதா?" என்று தையல்காரம்மா காவலாளியைக் கேட்டார்.

"யாராவது தடுக்கி விழுந்துட்டா வாரியத்துக்குத்தானே கெட்ட பேரு?" என்று அவர் லிஃப்ட்டை அழுத்திக்கொடுத்தார்.

மேலே வரவேற்பறையில் ஒரு சோபா இருந்தது. உட்கார்ந்தால் ஆளை விழுங்கிவிடும். எழுந்திருக்க வேண்டுமானால் இன்னொருவர் கை கொடுத்து இழுக்க வேண்டும். எதிர்ச் சுவரில் 'நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும்' என்று ஆரம்பித்த ஒரு சுவரொட்டி. அந்த ஒவ்வொரு நிமிடமும் என்ன ஆகும் என்பதை, முன்னால் நின்ற குளிர்பான இயந்திரம் மறைத்துக்கொண்டது. இயந்திரத்தின் மேல் 'வாரியத்தின் நலம்விரும்பி ஒருவரின் அன்பளிப்பு' என்று எழுதியிருந்தது.

கதவு திறந்தது. தலைவர் வந்தார். அவருக்குப் பின்னால் அலுவலகமே வந்து, தையல்காரம்மாவைச் சுற்றி நின்று பார்த்தது. ஒரு பெண் தொட்டுக்கூடப் பார்த்தாள்.

"வாங்கம்மா, வாங்க! உங்களைப் பார்க்கத்தான் நாங்க இத்தனை வருஷம் காத்திருந்தோம்" என்றார் தலைவர். "நல்ல பழக்கம் எப்படி வருது, எதனால நிக்குதுன்னு ஆராயத்தான் இந்த வாரியமே இருக்கு. ஆராய்ஞ்சோம். புத்தகம் போட்டோம். எத்தனையோ பேருக்கு அறிவுரை கொடுத்தோம். ஆனா ஒரு பழக்கத்தைத் தொடர்ந்து செய்யற ஆளை நேர்ல பார்க்கிற பாக்கியம் மட்டும் கிடைக்கவே இல்ல."

"நீங்க நடக்கறதில்லையா சார்?"

"எனக்கும் சர்க்கரை உண்டும்மா. ஆனா ஊர்ல இருக்கிற எல்லாரையும் நடக்க வைக்கிற பொறுப்பு என் தலை மேல இருக்கு. அதைச் சுமந்துக்கிட்டு எங்கே நடக்கிறது?"

பக்கத்தில் நின்ற ஊக்குவிப்பு அலுவலர், "அருமை" என்றார். மெல்லிய குரலும், எதைக் கேட்டாலும் 'அருமை' என்கிற வழக்கமும் உள்ளவர் அவர். காபியில் ஈ விழுந்திருக்கிறது என்று பையன் சொன்னபோதும் அதையே சொன்னதாக அலுவலகத்தில் பேச்சு.

"உங்களை நடக்கத் தூண்டுறது எது?" என்று அவர் கேட்டார். "மன உறுதியா? குடும்பத்தோட ஆதரவா? இல்ல, எங்க சுவரொட்டியா?"

"என் சம்பந்திங்க."

"அப்ப குடும்பத்தோட ஆதரவு."

"ஆதரவா? அந்தம்மாவா?" தையல்காரம்மாவுக்கு மூச்சு முட்டியது. "என் பொண்ணுக்குத் துடைப்பம் பிடிக்கத் தெரியலைன்னு நேத்துதான் சொன்னாங்க. அதுக்கு நான் இன்னைக்குப் பதில் வெச்சிருக்கேன். சாயங்காலம் போய்ச் சொல்லணும்."

"அருமை" என்றார் அலுவலர்.

அன்று சாயங்காலம் நேரில் ஆராய அலுவலர் வந்தார், காரில். சம்பந்திகள் இருவரும் நடந்தார்கள். பின்னாலேயே கண்ணாடியை இறக்கிவிட்டு, ஊர்ந்துகொண்டே கார் வந்தது. துடைப்பம் விஷயத்தில் அன்று தையல்காரம்மாவின் கைதான் ஓங்கியது. பாலத்தருகே சம்பந்தி சட்டென்று பேச்சைக் குழந்தையின் மூக்குக்குத் திருப்பிவிட்டார். அலுவலர் காருக்குள் கண்களை மூடிக்கொண்டதாக ஓட்டுநர் பிற்பாடு சொன்னார்.

அடுத்த வாரம் தலைவர் இருவரையும் வரவழைத்தார்.

"ஆராய்ச்சி முடிஞ்சுது. நீங்க ரெண்டு காரியம் செய்யறீங்க. நடக்கறீங்க, சண்டை போடறீங்க. நடை நல்லது. சண்டை கெடுதல்; மன அழுத்தம். சண்டை போட்டுக்கிட்டே நடந்ததுக்கே சர்க்கரை இவ்வளவு இறங்கியிருக்கு. சண்டையை எடுத்துட்டா எவ்வளவு இறங்கும்? யோசிச்சுப் பாருங்க!"

கணக்குச் சொல்லிக்கொடுத்த சம்பந்திக்கே அது சரியாகத்தான் பட்டது.

தையல்காரம்மாவுக்கு மட்டும் எங்கேயோ தையல் பிரிகிற மாதிரி இருந்தது. "சண்டை இல்லைன்னா நான் எதுக்குங்க இவங்ககூட நடக்கப் போறேன்?" என்று கேட்டார்.

"அதான் மன உறுதி இருக்கே!" என்று தலைவர் சுவரைக் காட்டினார். சுவரில் மன உறுதி இருந்தது. ஒரு மலையும் சூரியனும் போட்டிருந்தார்கள்.

இணக்கக் கூட்டம் ஒரு சின்ன அறையில் நடந்தது. இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு, எங்கேயோ ஓடை ஓடுகிற மாதிரி ஒரு சத்தத்தை வைத்தார்கள். ஒருவர் மற்றவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் என்றார் அலுவலர். ஓடை வெகுநேரம் ஓடியது.

"ஒண்ணுதானே? யோசிக்க விடுங்க" என்றார் சம்பந்தி.

"அவங்க... சொன்ன நேரத்துக்கு வருவாங்க" என்றார் தையல்காரம்மா.

"அருமை. நீங்க?"

"அவங்க தச்சது பிரியாது."

அதோடு சம்பந்தி நிறுத்தவில்லை. "என் வீட்டுக்காரர் போனப்போ எல்லாரும் வந்தாங்க, அழுதாங்க, போயிட்டாங்க" என்றார். "இவங்க மட்டும் ஒண்ணும் பேசாம உள்ளே போய், கிழிஞ்சு தொங்கின திரைச்சீலையை எல்லாம் தச்சுக்கொடுத்துட்டுப் போனாங்க. நான் அதை இவங்ககிட்டச் சொன்னதே இல்ல."

தையல்காரம்மா அழுதுவிட்டார். சம்பந்தியும் அழுதார். அலுவலர் "அருமை, அருமை" என்று கைக்குட்டை நீட்டினார். மனதில் இருப்பதைத் தினமும் ஒன்றாக எடுத்து மன்னித்துவிட வேண்டும், அதுதான் இனிமேல் வீட்டுப்பாடம் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுப்பாடம் என்றதும் சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் சாயங்காலம் இருவரும் கிளம்பினார்கள்.

"எப்படி இருக்கீங்க சம்பந்தி?"

"நல்லா இருக்கேன். நீங்க?"

"நல்லா இருக்கேன்."

தபால் நிலையம் வந்துவிட்டது. அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. அங்கே ஒரு பெஞ்சு கிடந்தது. இத்தனை நாளும் அது யார் கண்ணிலும் பட்டதில்லை. உட்கார்ந்தார்கள். சம்பந்தி பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "உங்களுக்குப் பிடிக்குமேன்னு கேக் செஞ்சேன்" என்றார். பகை இருந்தவரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர் தையல்காரம்மா. இப்போது மறுக்க முடியுமா? மறுநாள் அவர் ஒரு டப்பா கொண்டுவந்தார். பிரியம் வளர வளர டப்பாவும் வளர்ந்தது.

சர்க்கரை ஏறியது.

டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஊசி ஒன்றை எடுத்துக் காட்டினார். "பயப்படாதீங்கம்மா. பாருங்க, பேனா மாதிரிதான் இருக்கும்."

"பேனான்னா எழுதட்டும் டாக்டர். எதுக்குக் குத்துது?"

"அடுத்த மாசம் இன்னொரு தடவை பரிசோதிப்போம். அதுலயும் இப்படியே இருந்தா ஆரம்பிச்சுடலாம்."

தையல்காரம்மா அங்கிருந்து நேராக சம்பந்தி வீட்டுக்குப் போனார். வழி நெடுக நல்லதாக நாலு குத்தல் யோசித்துக்கொண்டு போனார். கதவைத் திறந்ததுமே ஆரம்பித்தார்: "ஏன் சம்பந்தி, உங்க வீட்டு வாசல் எப்பவும் இப்படித்தானா, இல்ல நான் வரும்போது மட்டும்தானா?"

சம்பந்தி கனிவாகச் சிரித்தார். "மன்னிச்சிட்டேன் சம்பந்தி. உள்ளே வாங்க, பன் சூடா இருக்கு."

இன்னும் கூர்மையாக ஒன்று எறிந்து பார்த்தார். அதையும் மன்னித்துவிட்டார். பஞ்சு மூட்டையைக் குத்துகிற மாதிரி இருந்தது. தையல்காரம்மா இரண்டு பன் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வேறு வழியில்லை. வாரியத்துக்குப் போய், "எங்க சண்டையை எங்களுக்கே திருப்பிக் கொடுத்துடுங்க" என்று கேட்டார்.

தலைவர் கோபப்படவில்லை, கோரிக்கைகளைக் கேட்டுக் கோபப்படுவது அவர் வழக்கமில்லை. உடனே சண்டை மீட்புத் துணைக்குழு ஒன்றை அமைத்தார். துணைக்குழு கூடி, டீ குடித்து, நடைக்குச் சண்டை அவசியம்தான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பயிற்சி இல்லாதவர்கள் சண்டை போடுவதை அனுமதிக்க முடியாது. ஏற்கனவே இணங்கிவிட்டவர்களை மறுபடி பிணங்க வைப்பது வாரியத்தின் சாதனையை வாரியமே கெடுப்பதாகும். ஆகவே தையல்காரம்மாவோடு சண்டை போட வாரியத்திலிருந்தே தகுதியான ஒருவரை அனுப்புவது என்று முடிவாயிற்று.

மறுநாள் மாலை ஊக்குவிப்பு அலுவலர் தெருமுனையில் காத்திருந்தார். காரைத் திருப்பி அனுப்பிவிட்டிருந்தார். அதைப் பார்த்து தையல்காரம்மாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"ஆரம்பிக்கலாமாம்மா?"

"ஆரம்பிங்க."

அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க தையலைப் பத்தி எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு."

"ஓஹோ! என்ன வேறுபாடு?" தையல்காரம்மாவின் கால் வேகம் பிடித்தது.

"அதை அடுத்த கூட்டத்துல சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க! என் தையல்ல என்ன குறை கண்டீங்க? நீங்க போட்டிருக்கிற சட்டையைப் பாருங்க, தோள் ஒரு பக்கமா இறங்கி இருக்கு. யார் தச்சது? அந்த ஆளுக்குக் கண்ணு இருக்கா?"

"என் மனைவிதாங்க தச்சாங்க."

"அவங்க கையை ஒடிக்கணும்!"

அலுவலர் யோசித்தார். ரொம்ப நாளாக வீட்டில் சொல்ல முடியாத எதையோ யாரோ சொல்லிவிட்ட மாதிரி அவர் முகம் தெளிந்தது. "அருமை" என்றார்.

தையல்காரம்மா அங்கேயே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். "அந்த வாரியம் உருப்படுமா, சொல்லுங்க" என்று கேட்டார் தையல்காரம்மா. "ம்" என்றார் அவர்.

பரிசோதனைக்குச் சில வாரங்களே இருந்தபோது வாரியத்தில் விழா வைத்தார்கள். சண்டையிலிருந்து மீண்ட முன்மாதிரி நடையாளர்கள் என்று சம்பந்திகள் இருவருக்கும் கேடயம். சர்க்கரை மறுபடி ஏறிவிட்டதே என்று தையல்காரம்மா போனில் சொல்லிப் பார்த்தார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்று பதில் வந்தது.

மேடையில் ஒரு பெரிய ஷூ இருந்தது. நடைப் பயிற்சி ஷூ. நாடா உட்பட எல்லாமே கேக். தலைவர் பேச எழுந்தார். பேசப் பேச அவருடைய கை தானாகவே போய் நாடாவின் நுனியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டது.

"பெரியோர்களே! இந்த அம்மாவின் சர்க்கரை இறங்கியது. அந்த வெற்றி யாருடையது? வாரியத்தினுடையது! பிறகு ஏறியது. அது யாருடையது? அது அவரவர் தனிப்பட்ட விஷயம். அதில் நாங்கள் தலையிடுவதில்லை. மக்கள் ஏன் நடப்பதில்லை என்று கேட்கிறார்கள். நேரமில்லை என்கிறார்கள். நான் கேட்கிறேன், எங்கள் கூட்டங்களுக்கு வந்து மணிக்கணக்கில் உட்கார நேரம் இருக்கிறதே, அது எப்படி வந்தது? நாங்கள் உருவாக்கிக் கொடுத்தோம்! உட்கார வைத்துவிட்டோம். இனி எழுப்புவது ஒன்றுதான் பாக்கி. அதற்கும் ஒரு குழு அமைப்போம்!"

கைதட்டல் ஓய்ந்தபோது நாடா முழுவதும் தீர்ந்திருந்தது. அடுத்து, மன்னிப்பின் மகிமை பற்றிப் பேச சம்பந்தியை அழைத்தார்கள். வீட்டுப்பாடத்தை ஒரு நாளும் தவறவிடாத பெருமையோடு அவர் ஒலிவாங்கியின் முன் வந்து நின்றார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் தினமும் ஒண்ணு மன்னிக்கிறேன். முதல் நாள், என் மருமகள் சமையலை அடிப்பிடிக்க விட்டதை மன்னிச்சேன்."

கைதட்டினார்கள்.

"அப்புறம் யோசிச்சேன். அது அவ தப்பில்ல, வளர்ப்பு. அதனால மறுநாள் வளர்ப்பை மன்னிச்சேன்."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். தையல்காரம்மா நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"என் பேத்திக்கு எங்க வீட்டு மூக்கு வந்திருக்கணும். வேற மூக்கு வந்துடுச்சு. குழந்தை என்ன செய்யும்? அந்த மூக்கைக் கொடுத்தவங்களை முழு மனசோட மன்னிச்சேன். அவங்க இதோ இந்த மேடையிலதான் உக்காந்திருக்காங்க."

தையல்காரம்மா எழுந்தார். அவருக்குத் தெரியாமலே எழுந்தார். ஒட்டுமொத்தச் சண்டைக் காலத்திலும் இப்படி ஒரு அடி அவர் வாங்கியதில்லை.

"என் வளர்ப்பை மன்னிக்க நீங்க யாரு சம்பந்தி?"

"மன்னிக்கத்தானே இங்கே சொல்லிக்கொடுத்தாங்க?"

"அப்ப நானும் மன்னிக்கிறேன்! இவ்வளவு வயசாகியும் மாப்பிள்ளைக்குச் சட்டைப் பொத்தானை வரிசையாப் போடத் தெரியல. கணக்கு டீச்சர் வீட்டுப் பிள்ளைக்கு எண்ணத் தெரியலையேன்னு இதுவரைக்கும் வெளியில சொன்னேனா? மன்னிச்சேன்!"

"என் பையனையா சொல்றீங்க?" சம்பந்தியின் கனிவு ஒரு நொடியில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "வெளியில வாங்க பேசலாம்!"

"வாங்க!"

இருவரும் மேடையை விட்டு இறங்கினார்கள். லிஃப்ட்டை இன்னொரு கேக் அடைத்துக்கொண்டு நின்றது; படிக்கட்டுக்கு மேலேயும் ஒரு பூட்டு. சம்பந்தி, விழாவுக்காக மேலே வந்திருந்த காவலாளியைப் பார்த்து, வகுப்பில் கடைசி பெஞ்சை அதட்டுகிற குரலில், "கதவைத் திறங்க" என்றார். காவலாளி ஒரு காலத்தில் கடைசி பெஞ்சில் இருந்தவர்தான் போலிருக்கிறது. மேல் பூட்டைத் திறந்துவிட்டு, கீழ்ப் பூட்டையும் திறக்க முன்னால் ஓடினார். இருவரும் வாதாடிக்கொண்டே படியிறங்கினார்கள்.

"கேடயம்! கேடயம் வாங்கலையே! போட்டோ எடுக்கணும்!" என்று தலைவர் பின்னாலேயே வந்தார். தலைவர் வந்ததால் அலுவலரும், அலுவலர் வந்ததால் துணைக்குழுவும், துணைக்குழு வந்ததால் அலுவலகமும் வந்தது. வாரியத்தின் வரலாற்றில் அன்றுதான் அந்தப் படிக்கட்டை அவர்கள் உள்ளேயிருந்து பார்த்தார்கள். ஒருவர் இடையில் நின்று, "நல்லாத்தான் கட்டியிருக்காங்க" என்று சுவரைத் தடவிக்கொடுத்தார்.

தெருவில் சம்பந்தியின் எட்டு நடையும் அதைத் துரத்துகிற தையல்காரம்மாவின் ஓட்ட நடையுமாக முன்னால் போக, பின்னால் வாரியம் போயிற்று. துணைக்குழு தபால் நிலையத்துப் பெஞ்சைக் கண்டதும் கூடிப் பேசி அங்கேயே கலைந்தது. அலுவலகம் பாலத்தில் ஏறவில்லை. பாலத்தின் உச்சியில் தலைவர் கேடயத்தைக் கீழே வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தார். "இன்றைய நிகழ்ச்சி... இத்துடன்..." என்றார். மிச்சத்தைச் சொல்ல மூச்சு வரவில்லை. ஊக்குவிப்பு அலுவலர் மட்டும் பணிமனை வரை வந்தார். வீட்டில் மனைவியிடம் சட்டையின் தோளைப் பற்றிப் பேச வேண்டும் என்று திடீரென்று தோன்றியதாகச் சொல்லி, வேறு பக்கம் வேகமாக நடந்து போய்விட்டார்.

அந்தச் சண்டை அன்றோடு முடியவில்லை. மறுநாளும் நடந்தது, அதற்கு மறுநாளும். டப்பாக்கள் நின்றுபோயின. பெஞ்சு மறுபடியும் யார் கண்ணிலும் படாமல் போயிற்று. அடுத்த மாதம் டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டு, ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றார். என்ன செய்தீர்கள் என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. வாரியத்திடமிருந்து அவருக்கும் ஒரு பாராட்டு விழாவுக்கு அழைப்பு வந்திருந்தது.

அன்று சாயங்காலம் சம்பந்தி வாசலிலேயே காத்திருந்தார்.

"ஊசி இல்லைன்னுட்டாராமே! உங்க வீட்டுக்காரர் போன் பண்ணினார்."

"அவரா? என்ன சொன்னாரு?"

"'ம்'ன்னார். சந்தோஷமான 'ம்'. புரிஞ்சுக்கிட்டேன்."

நடந்தார்கள். பாலம் வரை சம்பந்தி ஒரு குறையும் சொல்லவில்லை. கால்களையும் எட்டிப் போடவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது அவர் முகத்தில் ஈரமாக ஏதோ இருந்தது.

"மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு சம்பந்தி. அன்னைக்கு மேடையில, அத்தனை பேருக்கு முன்னால, உங்க வளர்ப்பைப் பத்தி நான்..."

டாக்டர் காட்டிய அந்தப் பேனா தையல்காரம்மாவின் கண்முன் வந்து நின்றது.

"வேணாம்" என்றார்.

"இல்ல, சொல்லிடறேன். நான் பேசினது..."

"சம்பந்தி! உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கறேன். அதை மட்டும் சொல்லிடாதீங்க."

சம்பந்தி அவரையே பார்த்தார். பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. இது பதிவு பண்ணி வைத்த ஓடை இல்லை. தையல்காரம்மா கண்ணை எடுக்கவில்லை. காலமெல்லாம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பாதிக் கணக்கைப் புரிந்துகொண்டவர் சம்பந்தி. மெல்லத் தலையாட்டினார். சொல்ல வந்ததை விழுங்கினார். பிறகு, வேண்டியவருக்கு என்ன வாங்கித் தரலாம் என்று கடையில் தேடுகிறவர் மாதிரி, கண்ணை இடுக்கி யோசித்தார்.

"நீங்க குழந்தைக்குத் தச்சு அனுப்பினீங்களே, ஒரு கவுன்."

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒரு கை நீளம். ஒரு கை குட்டை."

தையல்காரம்மாவின் காதோரம் சூடாயிற்று. "அளந்து பார்த்தீங்களா?"

"அளக்கணுமா? போன்ல பார்த்தாலே தெரியுது."

இரண்டு கையும் சமம். அது தையல்காரம்மாவுக்குத் தெரியும். சம்பந்திக்கும் அது தெரியும் என்பதும் தெரியும். ஆனாலும் கோபம் கலப்படமே இல்லாமல், உள்ளங்காலிலிருந்து கிளம்பி வந்தது. அதற்குள் சம்பந்தி கிளம்பிவிட்டார்.

"நில்லுங்க சம்பந்தி! சொல்லிட்டு ஓடினா விட்டுடுவேனா?"

சம்பந்தி நிற்கவில்லை. பாலத்தை விட்டு இறங்கி, காலை நன்றாக எட்டிப் போட்டார்.